ஐஸ் ரோட்டில் காருக்கும் ஒரு சம்பளம் இருக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

நவம்பர் வந்தாச்சு. டொரன்டோ பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல வேண்டாம். இந்த வருஷம்தான் புதுசா வந்து இறங்கியிருக்கிறவங்க இன்பாக்ஸில் ஒரே கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டிருந்தீங்க: "ஊர்ல பத்து வருஷம் கார் ஓட்டியிருக்கேன், ஸ்னோவில் ஓட்ட தனியா என்ன கத்துக்கணும்?"

நானும் இதையேதான் கேட்டேன். பதில் கிடைச்சது மூணாவது விண்டரில், ஒரு ஹைவே ராம்ப்பில்.

அன்னிக்கு ஸ்னோ விழவே இல்லை. வெளியே 0 டிகிரி. ரோடு ஈரமா இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சது. பின் சீட்டில் அக்கா, பக்கத்தில் கார் சீட்டில் அவளோட நாலு வயசுப் பொண்ணு. வண்டி ஆல் வீல் டிரைவ், அதனால எனக்குக் கொஞ்சம் திமிர். வளைவுக்குள்ள போனப்புறம்தான் வேகம் கொஞ்சம் அதிகம்னு தோணுச்சு. பிரேக்கைத் தொட்டேன். அவ்வளவுதான், வண்டியோட பின்பக்கம் வெளியே வீசிட்டுப் போச்சு. அப்படியே சுத்தி, வந்த பக்கத்தையே பார்த்தபடி நின்னோம். பின்னால வேற வண்டி வரலை. அதுதான் அன்னிக்கு எங்களைக் காப்பாத்துச்சு. என் டிரைவிங் இல்லை.

குழந்தை மட்டும் "மாமா, இன்னொரு தடவை"ன்னு கேட்டுச்சு. அக்கா வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

அந்த ராம்ப்பில் என்ன நடந்துச்சுன்னு அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். அதைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

நாலு உள்ளங்கை

உங்க கார் ஒன்றரை டன் இருக்கலாம். ஆனா அது ரோட்டைத் தொடுறது நாலே இடத்தில்தான். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுக்குத்தான் ரோட்டோட ஒட்டியிருக்கு. வண்டி கிளம்புறது, திரும்புறது, நிக்கிறது எல்லாமே அந்த நாலு உள்ளங்கையின் பிடிமானத்தில்தான் நடக்குது.

இந்தப் பிடிமானத்தை மாசச் சம்பளம்னு வெச்சுக்கோங்க. காய்ந்த ரோட்டில் 100 ரூபாய் சம்பளம்னா, இறுகிப்போன ஸ்னோவில் 25, 30 ரூபாய். ஐஸில் சுமார் 15 ரூபாய், சில நாள் அதைவிடக் கம்மி. பிரேக் ஒரு செலவு, திரும்புறது ஒரு செலவு, ஆக்சிலரேட்டர் ஒரு செலவு. 100 ரூபாய் இருக்கும்போது திரும்பிக்கிட்டே பிரேக் போடலாம், கணக்கு இடிக்காது. 15 ரூபாயில் அது முடியாது. நான் அன்னிக்கு ஏற்கெனவே முழுச் சம்பளத்தையும் வளைவில் திரும்புறதுக்கே செலவு பண்ணிட்டு, அதுக்கு மேல பிரேக்கும் கேட்டேன். பிரேக் போட்டதும் வண்டியோட எடை முன்பக்கம் சாய்ஞ்சு, பின் டயர்கள் லேசாகி, பிடியை விட்டுடுச்சு.

அதனால முதல் விதி: ஒரு நேரத்தில் ஒரு வேலை. வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேரா இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைச்சிடணும். பிறகு பிரேக்கை விட்டுட்டுத் திரும்பணும். ஸ்டியரிங் நேரானதுக்கு அப்புறம்தான் ஆக்சிலரேட்டர். எதையும் வெடுக்குன்னு செய்யக் கூடாது.

நிக்க எவ்வளவு தூரம் வேணும்?

50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கிட்டு இருக்கீங்க. பிரேக் பிடிச்ச நொடியிலிருந்து காய்ந்த ரோட்டில் நிக்க ஏறக்குறைய 14 மீட்டர் போதும். இறுகின ஸ்னோவில் சுமார் 50 மீட்டர். வழுக்கும் ஐஸில் 100 மீட்டர் வரைக்கும் போகலாம். நீங்க சுதாரிச்சு பிரேக்கில் கால் வைக்க ஆகுற ஒரு நொடியில் போற 14 மீட்டர் இந்தக் கணக்கில் சேரலை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. வேகத்தைப் பாதியாக் குறைச்சா தூரம் பாதியாகாது, கால்வாசியாகும். அதே ஐஸில் 50க்குப் பதில் 25இல் போனா, 100 மீட்டர் 25 மீட்டராகிடும். பனிக்காலத்தில் பணம் செலவில்லாத பாதுகாப்பு இதுதான்.

ஆல் வீல் டிரைவ் இதில் எங்கே வருது? கிளம்பும்போது நாலு சக்கரமும் சேர்ந்து தள்ளும், அதனால ஸ்னோவில் ஜம்முன்னு கிளம்பும். ஆனா நிக்கும்போது எல்லா கார்லயும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கு. அதில் ஆல் வீல் டிரைவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. சுலபமா கிளம்புச்சேன்னு நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

கனடாவில் 2011 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். என் வண்டியிலும் இருந்துச்சு. வண்டி சுத்தப் பார்த்தா அது தனித்தனிச் சக்கரத்துக்குத் தானே பிரேக் போட்டு நேராக்கப் பார்க்கும். ஆனா அதுவும் அதே 15 ரூபாயில்தான் குடும்பம் நடத்தணும்.

கண்ணுக்குத் தெரியாத ஐஸ்

மைனஸ் 20 ஆபத்து, 0 டிகிரி பரவாயில்லைன்னு நினைப்போம். ரோட்டைப் பொறுத்தவரை தலைகீழ். 0க்குப் பக்கத்தில் ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்கும், அதுதான் மகா வழுக்கல். நல்ல குளிரில் ஐஸ் காய்ஞ்சு கொஞ்சம் பிடி கொடுக்கும். ஆனா மைனஸ் 10க்குக் கீழே ரோட்டில் தூவுற சாதாரண உப்பு பெருசா வேலை செய்யாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிளாக் ஐஸ்னு சொல்றது கறுப்பு ஐஸ் இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய படலம், அது வழியா கீழே இருக்கிற தார் தெரியுது, அவ்வளவுதான். பாலங்களும் மேம்பாலங்களும் முதல்ல உறையும், ஏன்னா அங்கே கீழேயும் காத்து, மேலேயும் காத்து, மண்ணோட சூடு கிடையாது. அடுத்தது நிழல் விழுற இடங்கள். ரோடு ஈரமா தெரியுது, ஆனா முன்னால போற வண்டியோட டயரிலிருந்து தண்ணி தெறிக்கலைன்னா சந்தேகப்படுங்க. டயர் சத்தம் திடீர்னு அடங்கினாலும், ஸ்டியரிங் லேசானாலும் அதே சந்தேகம்தான்.

வழுக்கிட்டா என்ன பண்றது?

மூணு சூழ்நிலை.

ஒண்ணு, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரா போகுது. முன் டயர்கள் பிடியை விட்டிருக்கு. இன்னும் அதிகமா திருப்பத்தான் கை துடிக்கும். கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்க. வேகம் குறையும்போது பிடி திரும்பி வரும்.

ரெண்டு, எனக்கு நடந்தது. பின்பக்கம் வீசுது. பின்பக்கம் வலது பக்கம் போனா, ஸ்டியரிங்கையும் வலது பக்கம் திருப்பணும். குழப்பமா இருந்தா இதை மட்டும் மனசில் வைங்க: போக வேண்டிய இடத்தைப் பாருங்க, கை தானா அங்கே திருப்பும். கம்பத்தையே பார்த்தா கம்பத்துக்குத்தான் போவீங்க. வண்டி நேராக ஆரம்பிச்சதும் ஸ்டியரிங்கையும் நேராக்கணும், இல்லைன்னா எதிர்ப்பக்கம் வீசும். இந்த நேரத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது.

மூணு, நேரா போகும்போது நிறுத்தியே ஆகணும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதிச்சு அப்படியே வைங்க. பெடல் காலுக்குக் கீழே கடகடன்னு அதிரும். பயந்து காலை எடுத்துடாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏபிஎஸ் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும்னு நம்பாதீங்க. சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும், அதனால உங்களால திருப்பி விலக முடியும்.

சம்பளத்தை உயர்த்த ஒரே வழி

அது டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரோட ரப்பர் இறுக ஆரம்பிக்கும். விண்டர் டயர் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்துன்னு இருக்கும், மேல இருக்கிற நுணுக்கமான வெட்டுகள் ஸ்னோவைக் கவ்வும். வாங்கும்போது மூணு சிகர மலைக்குள்ள ஒரு பனித்துகள் போட்ட முத்திரை இருக்கான்னு பாருங்க. காசை மிச்சம் பிடிக்க முன்னால ரெண்டு மட்டும் மாத்தாதீங்க. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வீசும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் பொதுவா அப்படி இல்லை, ஆனா 2016லிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதுக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆகணும். கேட்டு வாங்குங்க.

இன்னும் ரெண்டே விஷயம். வழுக்குற ரோட்டில் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். ஸ்னோவில் சிக்கி நின்னுட்டா, இன்ஜினை ஓடவிடுறதுக்கு முன்னால பின்னாடி புகைக்குழாயை மூடியிருக்கிற ஸ்னோவைத் தள்ளிட்டு வாங்க. இல்லைன்னா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதுக்கு வாசனைகூட கிடையாது.

போன விண்டரில் அக்கா லைசென்ஸ் எடுத்தா. முதல் ஸ்னோ விழுந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரிய காலி பார்க்கிங் லாட்டில் அனுமதி கேட்டுட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதிச்சுப் பழகினோம். பெடல் அதிர்ந்ததும் முதல் தடவை கத்திட்டா. பத்தாவது தடவை சிரிச்சா. திரும்பி வரும்போது அவதான் ஓட்டினா. அந்த ராம்ப் வந்தது. வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் போட்டு, மாட்டுவண்டி வேகத்தில் திரும்பினா. பின்னால ஒருத்தர் ஹாரன் அடிச்சார். "அடிக்கட்டும்டா"ன்னு சொன்னா.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை: கீழே இறங்கிப் போய் உங்க டயரில் அந்த மலை முத்திரை இருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். மெதுவா வாங்க.