முழங்கால் உயரம் வரை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் முழுக்க விறகு எரிக்கும் வீடுகள் இன்றும் நிறைய உண்டு. பண்ணைகளின் கொல்லைப்புறத்தில் பழைய குதிரை டிரெய்லர் ஒன்று துருப்பிடித்துக் கிடப்பதும் சகஜம். ஒருகாலத்தில் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியின் பின்னால் ஓடியது அது. குதிரைகள் போய்விட்டன, கூண்டு மட்டும் நிற்கிறது. அதை விறகு வண்டியாக்கலாமா? தாராளமாக ஆக்கலாம். ஆனால் வெல்டிங் மிஷினைத் தொடுவதற்கு முன் ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

அங்கே விறகை ‘கார்ட்’ கணக்கில் விற்பார்கள். நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்ட், அதாவது 128 கன அடி. ஆறடி அகலம், பத்தடி நீளம், ஏழடி உயரமுள்ள கூண்டில் மூன்று கார்டுக்கு மேலேயே இடமிருக்கும். ஆபத்தே இந்த இடம்தான். புதிதாக வெட்டிய பச்சை ஓக் விறகு ஒரு கார்ட் இரண்டே கால் டன் இருக்கும். கூரைவரை அடைத்தால் ஏழு டன்னைத் தாண்டிவிடும். இரண்டு குதிரைகளோ சேர்ந்தே ஒரு டன்தான். கூண்டு அவ்வளவு உயரமாக இருப்பது குதிரை தலையை நிமிர்த்தி நிற்பதற்காக.

இந்த வகை டிரெய்லர் பலவற்றில் இரண்டு அச்சுகளும் சேர்ந்து தாங்குவது 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3,175 கிலோ. கூண்டின் சொந்த எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 1,850 கிலோ சொச்சம். பச்சை ஓக்கை அடுக்கினால் முழங்கால் உயரத்திலேயே அந்த எடை வந்துவிடும். மேலே ஐந்தடி காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும். உங்கள் வண்டியின் சரியான எண், முன்பாதியில் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அதைப் பார்த்து, உள்சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது தரை. மேலே கனமான ரப்பர் பாய் விரித்திருப்பார்கள். அதைப் புரட்டினால் பழைய மூத்திர நெடி மூக்கில் ஏறும். அடியில் இருப்பது மரப்பலகை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்துங்கள். நல்ல பலகை ‘டொக்’ என்று எதிர்க்கும். உளுத்தது ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே விடும். பெரும்பாலும் ஓரங்களில்தான் உளுத்திருக்கும். பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் கீழே படுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து இரும்பு மெலிந்திருந்தால், அந்த டிரெய்லரை விட்டுவிடுவதே நல்லது என்பேன். புதுப் பலகைகளுக்கு நடுவே விரல்கடை இடைவெளி விட்டால் தண்ணீர் வடியும்.

விறகை மேலிருந்து போட வசதியாகக் கூரையை அறுத்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். தீப்பெட்டியின் வெளிக்கூட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் பாருங்கள், மற்ற மூன்றும் தொளதொளவென்று ஆடும். கூண்டும் அப்படித்தான், சுவர்களை இறுக்கிப் பிடித்திருப்பது கூரை. அறுத்தே ஆக வேண்டுமென்றால் மேல்விளிம்பு நெடுகச் சதுர இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கூரை இருக்கட்டும். மழையில் விறகு நனையாது. நடுத் தடுப்பைக் கழற்றி, சுவரின் மெல்லிய தகரம் நெளியாமல் இடுப்பளவுக்குப் பலகை அடித்தால் போதும்.

ஏற்றும்போது பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்கணும். பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அதன் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் தயாரித்த வருஷம். பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள்.

வண்டி கிடைத்துவிட்டதென்று தொலைதூரத்திலிருந்து மலிவு விறகு கொண்டுவரவும் வேண்டாம். ஆசியாவிலிருந்து வந்து 2002-ல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு, அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. பட்டைக்கு அடியில் அதன் புழு ஒளிந்திருப்பதால் விறகோடு விறகாக ஊர்விட்டு ஊர் போகிறது. நியூயார்க் மாநிலத்தில், வெப்பத்தில் பதப்படுத்தாத விறகை வெட்டிய இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் கொண்டுபோவது சட்டப்படி குற்றம்.