பூட்டிய பாடசாலையின் பிள்ளைகள் எங்கே?

ஒரு பாடசாலை மூடப்பட்டால் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். அதன் இடாப்பில் பெயர் இருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறோமா?

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம்! ஆண்பிள்ளைகள் படித்த ஒஸ்மானியாக் கல்லூரியும், பெண்பிள்ளைகள் படித்த கதீஜாவும் அன்றோடு வெறிச்சோடின. மன்னார்த் தீவு மக்கள் தோணிகளில் வந்து கற்பிட்டியில் கரையேறினார்கள். ஆசிரியரும் அகதி, மாணவரும் அகதி.

அவர்களில் பெரும்பாலோர் தங்கியது நமது புத்தளம் மாவட்டத்தில். காலையில் ஊர்ப் பிள்ளைகள் அமர்ந்த வாங்குகளில் பின்னேரம் அகதிப் பிள்ளைகள் அமர்ந்து படித்தார்கள். பின்னர் எருக்கலம்பிட்டியார் தங்கள் ஊர்ப் பெயரிலேயே இங்கு ஒரு மகா வித்தியாலயம் கண்டார்கள். ஊரை இழந்தவர்கள் பாடசாலையை இழக்கச் சம்மதிக்கவில்லை!

ஆனால் எல்லாப் பெயர்களும் புதிய இடாப்புக்கு வந்து சேரவில்லை. பின்னேரப் பாடசாலை விட்டு வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். பருவமடைந்த மகளை எப்படி அனுப்புவது என்று தாய் தயங்கினாள். மகன் தோட்டக் கூலிக்குப் போனால் அன்றைய அரிசி கிடைக்கும். இப்படி ஓசையில்லாமல் நின்றுபோன படிப்பு எத்தனை!

ஒஸ்மானியா பிற்காலத்தில் மீண்டும் திறந்தது. 2009இல் போர் முடிந்தபின் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. வாப்பா அங்கே வீடு கட்ட, உம்மா பிள்ளைகளின் படிப்புக்காக இங்கேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு. பிழையென்று யார் சொல்வது? ஆயினும் மாணவர் தொகையைப் பார்த்துத்தான் ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் எந்தத் தாய் பிள்ளையை அங்கே அனுப்புவாள்? திறந்த பாடசாலையும் மறுபடி மூடும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

தாய்மாரே! 5 வயது முதல் 16 வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது இன்று நாட்டின் சட்டம். எந்தக் காரணத்துக்காக இடம் மாறினாலும் விடுகைப் பத்திரத்தைக் கையோடு எடுங்கள். போன இடத்தில் அந்த வாரமே பிள்ளையைச் சேருங்கள். மகனின் பெயரை எழுதும்போது மகளின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

பாடசாலைக் கதவைப் பிறர் பூட்டலாம். நம் பிள்ளையின் படிப்பை நாமே பூட்டிவிடக் கூடாது.