ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

ஏழைக்கு ஒரு கொட்டகை போதாதா என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சிக்கனம் வேறு, இழிவு வேறு என்று செய்து காட்டியவர் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர்.

1917-ல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1940-களில் பம்பாயில் மகாத்மாவைத் தரிசித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருக்கட்டும் என்று அண்ணல் அருளிய வார்த்தையே தமக்கு வழிகாட்டி என்று சொல்லி வந்தார்.

பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறிய பேக்கர், செங்கற்களைப் படுக்கப் போடாமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். வெப்பமும் எளிதில் உட்புகாது. மேற்பூச்சுச் செலவையும் தவிர்த்தார். ஆயினும் அவ்வீடுகளில் அழகுக்குக் குறைவில்லை.

1989-ல் பாரதப் பிரஜையான அவர், 2007-ல் காலமானார். பிறர் மெச்சக் கடன்பட்டு மாளிகை எழுப்பும் நாம், அச்சுவர்கள் கூறும் பாடத்தைக் கற்போமா?