சிங்கப்பூர் பெட்டிக்குள் எந்தப் பெட்டி?

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிநாட்டு ஊரான நெற்குப்பையில், பெரிய வீடுகள் பலவும் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், சாந்தி, கோயில் திருவிழா என்று ஏதாவது வந்தால் பங்காளிகள் ஊர் திரும்புவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வாட்ஸ்அப்பில் பட்டியல் போய்விடும். பெரியவர்கள் கேட்பது தைலமும் டார்ச் லைட்டும். பிள்ளைகள் கேட்பது கேம் பெட்டி. "அம்மான், பிஎஸ்5 வாங்கிட்டு வாங்க" என்பான் ஒருவன். "ஸ்விட்ச்தான் வேணும்" என்பாள் அவன் தங்கை. மாதச் சந்தா கட்டினால் எக்ஸ்பாக்ஸில் நூற்றுக்கணக்கான கேம் கிடைக்குமே என்று சென்னையில் படிக்கும் அண்ணன் குறுக்கே புகுவான். விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்பது மட்டுமே தெரிந்த அம்மானுக்குத் தலை சுற்றும்.

எதை வாங்குவது என்பதற்கு யூடியூபில் மணிக்கணக்கில் பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். டெராஃப்ளாப் எவ்வளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எல்லாம் வரும். பேசுகிறவர் பெங்களூரில் ஃபைபர் இணைப்புள்ள ஃபிளாட்டில் உட்கார்ந்திருப்பார். செட்டிநாட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. எங்கள் பக்கம் ஒரு கேம் பெட்டியின் தலையெழுத்தை அதன் வேகம் எழுதியதே கிடையாது. எந்த நாட்டிலிருந்து வருகிறது, யாரிடம் அதே பெட்டி இருக்கிறது, கெட்டுப்போனால் காரைக்குடியில் எவர் கழற்றிப் பார்ப்பார் ஆகிய மூன்றும்தான் எழுதியிருக்கின்றன.

முதலில் மின்சாரம், ஏனென்றால் இதில் தவறினால் மற்றதைப் பேசவே வேண்டாம். சிங்கப்பூர், மலேசியாவில் ஓடுவதும் நம் ஊரில் ஓடுவதும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ். பிளக் மாற்றினால் போதும். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360-இன் செங்கல் போன்ற அடாப்டர் 100 முதல் 127 வோல்ட் வரைக்கும்தான். நியூ ஜெர்சி மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் சொருகினால் அது தாங்காது. ஸ்விட்சின் அடாப்டர் 100 முதல் 240 வரை எதையும் தாங்கும். பழைய காலத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, நாமும் சிங்கப்பூரும் பால். ஜப்பான் பெட்டியை நம் பழைய டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது மேலும் கீழுமாக ஓடும். எச்டிஎம்ஐ வயர் வந்தபிறகு அது ஒழிந்தது.

செட்டிநாட்டுக்கு இந்தப் பெட்டிகள் முதலில் வந்த தொண்ணூறுகளில் போட்டி என்றே ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. நிண்டெண்டோ ஜப்பானில் 1983 ஜூலையில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் வீட்டுக்கு வீடு. சமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பெயர்ப்பலகை மாறும். உள்ளே சரக்கு ஒன்றுதான். மரியோ, கான்ட்ரா, டாங்கி சண்டை, துப்பாக்கியால் வாத்து சுடுவது. கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து திரும்பத் திரும்ப வரும். கம்பெனிக்கு விசுவாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் கேசட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடியது, அதனால் ஊர் முழுக்கக் கேசட் சுற்றியது. அந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

மேலைநாடுகளில் அப்போது நிண்டெண்டோவுக்கும் சேகாவுக்கும் பெரிய சண்டை. சேகா முறையாகவே இந்தியாவுக்கு வந்தது. 1995-இல் அதன் மெகா டிரைவை இங்கே விற்க எடுத்துக்கொண்டது ஷா வாலஸ், ஆமாம், மதுபானத்துக்குப் பேர்போன அதே கம்பெனி. இறக்குமதி வரி 80 சதவீதமாக இருந்த காலம். பெட்டியின் விலை 18,000 ரூபாய். நல்ல கலர் டிவிக்கே அந்தத் தொகை போதும் என்றிருந்தபோது அதை யார் வாங்குவார்? வாங்கினாலும் கேசட் மாற்றிக்கொள்ள ஊரில் இன்னொருவர் இருக்கமாட்டார். சேகா உலகச் சந்தையிலேயே 2001-இல் பெட்டி செய்வதை நிறுத்திவிட்டது.

இப்போதைய சண்டைக்கு விதை விழுந்தது 1991-இல். நிண்டெண்டோவின் சூப்பர் பெட்டிக்கு சிடி ஓட்டும் கருவி செய்து தர சோனி ஒப்பந்தம் போட்டிருந்தது. சிடியில் வரும் கேம்களின் உரிமை சோனி கைக்குப் போய்விடும் என்று நிண்டெண்டோ தலைவர் யமாவுச்சிக்குப் பட்டது. அந்த வருஷம் சிகாகோ கண்காட்சியில் சோனி 'பிளே ஸ்டேஷன்' என்று மேடையேறி அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், நாங்கள் ஹாலந்தின் பிலிப்ஸோடு சேர்கிறோம் என்றது நிண்டெண்டோ. ஒரே வளவில் அடுப்பு பிரிந்த கதைதான். அவமானப்பட்ட சோனியில் குதராகி என்ற பொறியாளர் விடாப்பிடியாக நின்று, 1994 டிசம்பரில் தனிப்பெட்டியாகவே பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தார். அடுத்து 2000-இல் வந்த பிஎஸ்2 உலகில் 16 கோடிக்கு மேல் விற்றது. இன்றுவரை எந்தக் கேம் பெட்டியும் அதை மிஞ்சியதில்லை.

தமிழ்நாட்டில் பிஎஸ்2 வென்ற கதையில் பர்மாவுக்கும் பங்கு உண்டு. பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடை, தொழில் எல்லாவற்றையும் நாட்டுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள். செட்டிநாட்டு நகரத்தார் அதற்கு முன்பே, உலகப்போரிலும் அதற்குப் பின் வந்த நிலச் சட்டங்களிலும் பெருஞ்சொத்தை இழந்திருந்தார்கள். அப்படிக் கப்பலேறி அகதியாக வந்த சாதாரணத் தமிழருக்குப் பிழைப்புக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி 1969-இல் உருவானது பர்மா பஜார். வெளிநாட்டுச் சரக்கு எதுவும் அங்கே கிடைக்கும். நகல் டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் அடித்த பிஎஸ்2-வும், சில பத்து ரூபாய்க்கு நகல் டிவிடியும் அங்கிருந்துதான் மாநிலம் முழுக்கப் பரவின. அசல் டிஸ்க் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சட்டப்படி தப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்பு நடந்திருக்காவிட்டால் காரைக்குடியில் மணிக் கணக்குக்குக் காசு வாங்கும் கேம் சென்டர் எதுவும் முளைத்திருக்காது.

நகல் மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2006 கடைசியில் வந்த ஈஏ-வின் கிரிக்கெட் 07 கணினிக்கும் பிஎஸ்2-வுக்கும் மட்டுமே வந்தது. டபிள்யூடபிள்யூஈ ஆட்டங்களில் நம் பையன்கள் உயிரை விட்ட 'ஹியர் கம்ஸ் த பெயின்' 2003-இல் பிஎஸ்2-வில் மட்டும் வந்தது. கிரிக்கெட்டும் மல்யுத்தமும் ஒரே பெட்டியில் இருந்தால் தமிழ்நாட்டில் வேறெந்தப் பெட்டி நிற்கும்? மைக்ரோசாப்ட் 2006 செப்டம்பரில் அக்‌ஷய் குமாரையும் யுவராஜ் சிங்கையும் நிறுத்தி எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இந்தியாவில் இறக்கியது. யுவராஜ் படம் போட்ட பெட்டியில் அந்தக் கிரிக்கெட் ஆட்டம் கிடையாது. போதாததற்கு அந்தப் பெட்டி சூடேறிச் செத்துப்போகும் வியாதிக்குப் பேர்போனது. சிவப்பு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. 2007-இல் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்ட மைக்ரோசாப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. காரைக்குடி வெயிலில் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

2013-இல் நடந்ததை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்போது கவனித்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அது அவர்களுக்காகவே நடந்த சண்டை. புது எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட்டாக வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாப்ட் சொன்னது. சோனி பதிலுக்கு ஒரு குட்டி வீடியோ விட்டது. பிஎஸ்4 கேமைப் பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அவ்வளவுதான் வீடியோ. நூறு டாலர் விலையும் குறைவு. எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. கைமாற்றும் டிஸ்க்கின் அருமையை அமெரிக்காவே ஒருமுறை கத்திச் சொன்ன தருணம் அது. நெற்குப்பைக்கு அது எப்போதும் தெரியும்.

சரி, இன்று அம்மான் எதை வாங்க வேண்டும்?

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஐ முதலில் தள்ளிவிடலாம். 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தபோது மலிவு என்று எல்லாரும் புகழ்ந்தார்கள், புகழ்ச்சி சரியானதும்கூட. ஆனால் அதில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. எல்லாம் இறக்கித்தான் ஆடவேண்டும். பெரிய கேம் ஒன்று நூறு ஜிபியைத் தாண்டுகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் தடிமனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு மைக்ரோசாப்டே இப்போது தன் கேம்களைப் போட்டிக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறது. 2025 ஏப்ரலில் ஃபோர்சா ஹொரைசன் 5 பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸில் மட்டும் கிடைப்பது என்று சொல்லிக்கொள்ள மிச்சம் குறைந்துகொண்டே போகிறது.

ஊரிலேயே ஆண்டு முழுக்க இருக்கும் குடும்பம் என்றால் என் ஓட்டு பிளேஸ்டேஷனுக்கு. அதிலும் டிஸ்க் போடும் மாடலுக்கு. பிஎஸ்5 இந்தியாவுக்கு முறையாக வந்தது 2021 பிப்ரவரி 2. அப்போது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பவர், இரண்டாவது கேம் வாங்கும்போதே வருத்தப்படுவார். டிஸ்க் இருந்தால் திருப்பத்தூர் நண்பனிடம் மாற்றலாம், முடித்ததும் விற்கலாம், பிஎஸ்4-இன் பழைய டிஸ்க்கையும் ஏறக்குறைய எல்லாம் போட்டு ஆடலாம். சோனி 2024-இல் விட்ட விலை உயர்ந்த புரோ மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக விற்கிறார்கள். அம்மான் பெருமைக்காக அதைத் தூக்கிவந்தால் டிரைவையும் கேட்டு வாங்க வேண்டும். கையில் அவ்வளவு காசு இல்லையா, பழைய பிஎஸ்4 ஒன்றே போதும். கிரிக்கெட் 24 அதிலும் ஓடும்.

சிங்கப்பூரில் வாங்கினால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிஎஸ்5 கேம் டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு இல்லை, ஆனால் இணையக் கடையில் கூடுதலாக வாங்கும் ஆட்டப் பகுதிகள் கணக்கின் நாட்டோடு ஒட்டியவை. டிஸ்க் ஒரு நாடு, கணக்கு இன்னொரு நாடு என்றால் பொருந்தாது. வெளிநாட்டில் வாங்கிய பெட்டிக்கு இங்கே உத்தரவாதமும் எதிர்பார்க்காதீர்கள். விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் மதுரையிலோ திருச்சியிலோ பில் போட்டு வாங்கிக்கொள்வதே மேல். இதைச் சொன்னால் பையன்களுக்குப் பிடிக்காது, வெளிநாட்டிலிருந்து வந்த பொருளின் மவுசு வேறு.

வீடு திறக்கும் நாட்களுக்கு மட்டும் வேண்டும், பல வயதுப் பிள்ளைகள் ஒரே பட்டாலையில் உட்கார்ந்து ஆடவேண்டும் என்றால் ஸ்விட்ச்தான். அதை நிண்டெண்டோ இந்தியாவில் முறையாக விற்கவில்லை என்பதால் அம்மானின் பெட்டிக்கே இங்கே முழு அர்த்தம். டிவி வேண்டாம், வீட்டின் ஒரே டிவியில் பெரியவர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போனாலும் ஆடலாம்: 2019-இல் மாற்றி வந்த ஸ்விட்ச் மாடலில் பேட்டரி நாலரை முதல் ஒன்பது மணி நேரம் வரை நிற்கும். மரியோ கார்ட்டில் நாலு பேர் சேர்ந்து ஓட்டலாம். தாயக்கட்டை உருட்டிப் பழகிய அப்பத்தாவுக்கு அடுத்தவன் வண்டியை ஆமை ஓட்டால் அடித்துக் கவிழ்ப்பது புரிய ஐந்து நிமிடம் ஆகாது. கேம் அட்டைக்கு நாட்டுப் பூட்டும் இல்லை.

2025 ஜூன் 5-இல் வந்த ஸ்விட்ச் 2-வில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் அதை இரண்டு வகையாக விற்கிறார்கள். வெளியானபோது 49,980 யென்னுக்குக் கிடைத்த வகை ஜப்பானிய மொழி மட்டும் பேசும், ஜப்பான் கணக்கை மட்டும் ஏற்கும். பல மொழிப் பெட்டி அப்போது 69,980 யென். தோக்கியோவுக்கு வேலையாகப் போகும் மாப்பிள்ளை மலிவாகக் கிடைத்தது என்று முதல் வகையை அள்ளிவந்தால், பிள்ளைகள் ஜப்பானிய மொழி கற்க வேண்டியதுதான். புதிய அட்டைகளிலும் ஒரு வகை உள்ளே கேமே இல்லாமல், இறக்கிக்கொள்ளும் சாவியாக மட்டும் வருகிறது. அட்டையின் முன்பக்கம் கீழே அதை அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்கவும்.

இந்த மூன்றையும் மிரட்டும் நாலாவது ஒன்று எல்லார் பையிலும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது ஊர்த் திண்ணைகளில் ஒரு வாரம் இழவு விழுந்தது போலிருந்தது. அடுத்த வருஷம் அதுவே பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்ததும் எல்லாரும் மறுபடி குனிந்துகொண்டார்கள். போன் இலவசம் போலத் தோன்றும். உள்ளே துப்பாக்கிக்குச் சட்டை மாற்றுவதற்குப் போகும் காசைக் கூட்டிப்பார்த்தால் ஒரு பழைய பிஎஸ்4 வந்துவிடும். போனில் ஆடுகிறவன் தனியாக ஆடுகிறான் என்பதும் எனக்கு உறுத்துகிறது.

எதை வாங்கினாலும் இரண்டாவது கன்ட்ரோலரை அங்கேயே சேர்த்து வாங்கிவிடச் சொல்லுங்கள். ஸ்டிக் தேய்ந்து தானாக நகர ஆரம்பித்தால் அதை மாற்றத் தெரிந்த செல்போன் கடைக்காரர் காரைக்குடியில் கிடைப்பார், பாகம் கிடைப்பதுதான் கஷ்டம். திருவிழா முடிந்து வீட்டைப் பூட்டும்போது பெட்டியை பீரோவுக்குள் வைத்துப் போகாதீர்கள். ஸ்விட்ச் பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்லி நிண்டெண்டோவே எழுதியிருக்கிறது. பிஎஸ்5 என்றால் காற்றுத் துவாரத்தில் பூச்சி குடியேறும். ஊரில் நிரந்தரமாக இருக்கும் பங்காளி வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், டிஸ்க்குகளையும் சேர்த்து.