கலக்கும் கரண்டி எங்கே?

குல்ஃபி விற்பவரின் பானையை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐஸ்கட்டிகளோடு கல்லுப்பும் கொட்டிக் கிடக்கும். உப்பு சேர்ந்த நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. இன்னும் கீழே இறங்க வேண்டும். அதனால் பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரிலும் அந்த ஐஸ் உருகிக்கொண்டே இருக்கிறது. உருகத் தேவையான வெப்பத்தைப் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அண்டார்க்டிகாவின் விளிம்பிலும் இதே வித்தைதான். அங்கே வெப்பத்தைப் பறிகொடுப்பது பால் அல்ல, கடல்.

மேற்கு அண்டார்க்டிகாவில் அமுண்ட்சென் கடலில் வந்து சேர்கிறது த்வெயிட்ஸ் பனியாறு. பரப்பு சுமார் 1,92,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. முழுதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். இதன் முன்பகுதி கடலில் மிதக்கிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் இடத்துக்குத் தரைக்கோடு என்று பெயர். உள்ளே போகப் போகத் தரை பள்ளமாகிறது. ஆகவே தரைக்கோடு பின்வாங்கினால் அங்கே பனி இன்னும் தடிமனாக இருக்கும். கடலுக்குள் சரிவதும் வேகமெடுக்கும். இந்த ஆபத்தை 1974-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹான்ஸ் வீர்ட்மன்.

தரைக்கோட்டை அரிப்பது ஆழ்கடலிலிருந்து வரும் உப்பு மிகுந்த நீர். அதன் வெப்பநிலை 1 டிகிரியை ஒட்டித்தான். ஆனால் அழுத்தம் கூடக் கூட உறைநிலை இறங்கும். ஆயிரம் மீட்டருக்கு முக்கால் டிகிரி. அந்த ஆழத்தில் கடல்நீரின் உறைநிலை சுமார் மைனஸ் 2.6. அதாவது நம் கையை விறைக்க வைக்கும் நீர், பனிக்கு மூன்றரை டிகிரி சூடு.

இதைக் கணினியில் மாதிரியாக்குவதுதான் இன்று பல முனைவர் பட்ட மாணவர்களின் வேலை. பனியாற்றுக்கு ஒரு நிரல், கடலுக்கு ஒரு நிரல். இரண்டுக்கும் நடை வேறு: பனியின் நகர்வை நாள்கணக்கில் தாவித் தாவிக் கணக்கிடலாம், கடலை நிமிடக் கணக்கில் பின்தொடர வேண்டும். எவ்வளவு உருகியது என்று கடல் சொல்ல, அடிப்பரப்பின் புது வடிவத்தைப் பனி சொல்லும். தரைக்கோடு பின்வாங்கினால், மாதிரி இடத்தைப் பிரித்துவைத்திருக்கும் கட்டங்களில் நேற்றுவரை பனி இருந்த ஒன்றில் இன்று நீரை நிரப்ப வேண்டும். எந்த வெப்பநிலையில், எவ்வளவு உப்போடு? கவனம் தப்பினால் எங்கிருந்தோ வெப்பம் முளைத்துவிடும், கணக்கே பொய்யாகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் சில நூறு மீட்டரோ, சில கிலோமீட்டரோ இருக்கும். பனியும் நீரும் தொட்டுக்கொள்ளும் படலமோ மில்லிமீட்டர் கணக்கு. வெப்பம் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் பனியை அடைய வேண்டும். அதனால் வெப்பத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, உறைநிலைக்கு ஒன்று என மூன்று சமன்பாடுகளும், சில இடங்களில் அளந்து பெற்ற ஒரு குணகமும் மாதிரியில் அந்தப் படலத்தின் இடத்தை நிரப்புகின்றன.

இந்தக் குணகம் எங்கும் பொருந்துமா? 2020 ஜனவரியில் த்வெயிட்ஸில் சுமார் 600 மீட்டர் பனியைச் சுடுநீரால் துளைத்து, ஐஸ்ஃபின் என்ற ஒல்லியான ரோபோவை உள்ளே இறக்கினார்கள். 2023-ல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. சமதளமான அடிப்பகுதியில் ஆண்டுக்கு 2 முதல் 5.4 மீட்டர் மட்டுமே உருகுகிறது. மாதிரிகள் சொன்னதைவிடக் குறைவு. ஆனால் விரிசல்களின் சுவர்களிலும் படிக்கட்டு போன்ற சரிவுகளிலும் உருகுதல் மும்முரம்.

காரணத்தை டீக்கடையில் பார்க்கலாம். கலக்காத டீயில் சர்க்கரை அடியிலேயே கிடக்கும், மேலே உள்ள டீ கசக்கும். உருகிய நன்னீர் இலேசானது. பனிக்கூரையின் அடியில் ஒட்டிக்கொண்டு, கீழே உள்ள வெதுவெதுப்பான உப்புநீரை அண்டவிடாமல் போர்வையாகிறது. சரிவான சுவரிலோ அந்த நன்னீர் சும்மா நிற்காது. விறுவிறுவென மேலேறும்போது பக்கத்து வெதுவெதுப்பான உப்புநீரையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். உருகுதலே கரண்டியாகிவிடுகிறது. கிரீன்லாந்திலோ கோடையில் மேற்பரப்பில் உருகும் நீர், பனியின் அடிவழியே கடலுக்குள் பீறிட்டு அந்த வேலையைச் செய்கிறது.

உருகுதல் குறைவு என்று நிம்மதி அடைய முடியாது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து த்வெயிட்ஸின் தரைக்கோடு 14 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அப்படியானால் பனியாறு தடுமாற, நினைத்ததைவிடக் குறைந்த உருகுதலே போதும் என்றாகிறது. கடல் எவ்வளவு சூடு என்று கேட்டு மட்டும் பயனில்லை. அந்தச் சூட்டை யார், எங்கே, எவ்வளவு கலக்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்காத அந்தக் கரண்டியைச் சமன்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? இரவெல்லாம் திரைமுன் விழித்திருக்கும் மாணவரின் ஆய்வேடு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.