விரியும் பேரண்டமும் அதற்கு அப்பாலும்

ஆரணி என்றவுடன் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஊரே பலர் நினைவுக்கும் வரும். இங்குக் குறிப்பிடப்படுவது அதுவன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றை அடுத்துள்ள ஆரணி. அங்கு ஒரு வாலிபர் கூட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, பேரண்டம் விரிகிறதென்று படித்தேன். அது எதற்குள் விரிகிறது? அதற்கு அப்பால் இருப்பதுதான் பரலோகமா?” என்று வினவினார். “ஆம், அப்பால் இருப்பவர் ஆண்டவரே” என்று சற்றும் தாமதியாமல் விடையளித்தேன். கூட்டத்தார் மகிழ்ந்தனர். வீடு திரும்பும் வழியிலேயே அவ்விடை தவறென்பது எனக்குப் புலனாயிற்று. நம்மில் பலரும் பிரசங்க பீடத்திலிருந்து இதே தவற்றைச் செய்து வருகிறோம் என எண்ணுவதால், இதனைச் சற்று விரிவாக ஆராய விழைகிறேன்.

முதலாவது, விரிவு என்பது யாது? இட்லி மாவு புளித்துப் பொங்குவதைப்போல் என்று விளக்குவோர் உளர். இவ்வுவமை நம்மைத் திசைதிருப்பும். ஏனெனில் மாவுக்குப் பாத்திரம் ஒன்று உண்டு, பாத்திரத்திற்கு வெளியே அடுக்களையும் உண்டு. அதைவிட, இருபுறமும் முடிவற்ற ஒரு நெடுஞ்சாலையை எண்ணிக்கொள்வது நலம். அதில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கல் நடப்பட்டுள்ளது. கற்களை எவரும் பெயர்க்கவில்லை. அவற்றின் இடையிலுள்ள சாலையே நீண்டு, ஒவ்வோர் இடைவெளியும் இரண்டு கிலோமீட்டராகிவிடுகிறது. ஒரு கல்லருகே நிற்பவருக்கு அடுத்த கல் ஒரு கிலோமீட்டர் விலகியிருக்கும். பத்தாவது கல்லோ பத்துக் கிலோமீட்டர் விலகியிருக்கும். எந்தக் கல்லருகே நின்றாலும் காட்சி இதுவே. ஆகவே நடுக்கல் என ஒன்றில்லை. முடிவற்ற சாலை நீளுவதற்கு அதற்கு வெளியே வெற்றுநிலம் எதுவும் தேவைப்படுவதுமில்லை. பேரண்டம் அளவுக்குட்பட்டதேயாயினும், பூமியின் மேற்பரப்பைப்போல் அது விளிம்பற்றதாக இருக்கக்கூடும். ஆகவே “எதற்குள்?” என்னும் வினாவுக்கு இயற்பியல் தரும் விடை, “எதற்குள்ளும் அன்று; வெளியே விரிகிறது” என்பதாம். இங்கு வெளி என்றது விண்வெளியை.

இதனை முதலில் கணித்துக் காட்டியவருள் ஒருவர் ஒரு குருவானவர் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்க குருவாகிய ஜார்ஜ் லெமெத்ர் 1927இல், விண்மீன் திரள்கள் விலகிச் செல்வதற்கு வெளியின் விரிவே காரணம் என்று எழுதினார். 1922இலேயே ருஷ்ய நாட்டுப் பிரீட்மன் இத்தகைய கணிதத் தீர்வுகளைக் கண்டிருந்தார். தொலைவு மிகுதியாக விலகும் வேகமும் மிகுகிறது என்பதை அமெரிக்காவின் எட்வின் ஹபிள் 1929இல் அளவீடுகளால் காட்டினார். 1951இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர், படைப்புக்கு விஞ்ஞானம் சான்று பகர்வதுபோல் ஓர் உரை நிகழ்த்தியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெத்ர் மனம் ஒப்பவில்லை. தம் கோட்பாடு சமயத்தைச் சாராதது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். குருவானவரைவிடக் கோட்பாட்டின்மீது பாப்பரசருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது எனலாம்!

நம் நாட்டவர் இருவரையும் இங்குக் கருத வேண்டும். கல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சவுத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு, பருப்பொருளின் ஈர்ப்பு எவ்வாறு பாதைகளை ஒன்றையொன்று நோக்கிக் குவிக்கிறது என்பதைக் காட்டிற்று. பின்னர் பென்ரோசும் ஹாக்கிங்கும் தொடக்கநிலை பற்றிய தங்கள் தேற்றங்களுக்கு அதனைப் பயன்படுத்தினர். இதற்கு மாறாக, பிரெட் ஹாயிலுடன் உழைத்த ஜெயந்த் நார்லிகர், பேரண்டத்திற்குத் தொடக்கமே இல்லை, விரியுந்தோறும் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்னும் நிலைக் கொள்கைக்காக வாதாடினார். 1965இல் நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டபின் பெரும்பாலோர் பெருவெடிப்புக் கொள்கையையே ஏற்றனர். ஆயினும் 2025இல் மறையும்வரை நார்லிகர் அதனை ஐயத்துடனேயே நோக்கினார். அவர் கூறியது மெய்யென்றே நிறுவப்பட்டிருந்தால் நம் விசுவாசம் வீழ்ந்திருக்குமா? வீழ்ந்திராது. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவ இயலாது, அது விசுவாசத்தால் ஏற்கப்படுவது என்று தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். படைப்பு என்பது முதற்கணத்தில் நிகழ்ந்த ஒன்று மட்டுமன்று. ஒவ்வொரு கணமும் உள்ளவை யாவும் அவரைச் சார்ந்து நிற்றலே அது.

இனி “அப்பால்” என்பதற்கு வருவோம். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அக்காலத்திற்குள் ஒளி நம்மை வந்தடையக்கூடிய எல்லை, இடையில் நிகழ்ந்த விரிவையும் சேர்த்தால், இன்று சுமார் 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பழவேற்காட்டுக் கரையில் நிற்பவருக்குத் தொடுவானத்தில் கடல் முடிந்துவிட்டதாகத் தோன்றினும், அப்பாலும் கடலே உள்ளது. அதுபோல இவ்வெல்லைக்கு அப்பாலும் விண்மீன் திரள்களே இருத்தல் வேண்டும் என்பதே அறிஞர்தம் கருத்து. அங்குச் சிங்காசனத்தைத் தேடுவதில் பொருளில்லை.

ஏசாயா 40:22ஐக் கொண்டு விரிவுக் கொள்கையை மெய்ப்பிக்க முயல்வோருக்கும் ஒரு சொல். அங்குள்ள எபிரேய வினை கூடாரத்தை விரித்துக் கட்டுவதைக் குறிப்பது. இன்றுவரை நீண்டுகொண்டே போகும் வெளியைத் தீர்க்கதரிசி எண்ணவில்லை. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் ஹபிளைக் காணும் நம் சைவ நண்பர்களும் இதே வழுவுக்கு ஆளாகின்றனர். மாறாக, அகுஸ்தீன் ‘தேவ நகரம்’ பதினோராம் புத்தகத்தில், படைப்புக்கு முன் முடிவற்ற காலத்தைக் கற்பனை செய்வது எவ்வளவு வீணோ, அவ்வளவு வீண் உலகுக்கு வெளியே முடிவற்ற இடத்தைக் கற்பனை செய்வதும் என்று வாதிடுகிறார். சாலொமோனின் ஆலயப் பிரதிஷ்டை ஜெபமும் (1 இராஜாக்கள் 8:27) இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. வானாதி வானங்களும் கொள்ளாதவர் என்னும்போது, வானங்களுக்கு அடுத்த அறையில் அவர் தங்கியிருக்கிறார் என்பது அதன் பொருளன்று.

பின்னர் அவ்விளைஞரைச் சந்தித்து என் முந்தைய விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரவுப்பணி முடித்து வந்திருந்த அவர் பொறுமையுடன் கேட்டார். 1998இல் விரிவின் வேகம் கூடிவருவது கண்டறியப்பட்டதையும், இன்று சுமார் 1600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து புறப்படும் ஒளி நம்மை ஒருபோதும் எட்டாது எனக் கணிக்கப்படுவதையும் கூறினேன். அவ்வேகம் மாறாதிருக்குமா என்பதில் அண்மைய அளவீடுகள் ஐயம் எழுப்பியுள்ளன என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, “அப்படியானால் கடைசியில் வானம் வெறுமையாகிவிடுமா, ஐயா? பவுல் சொன்ன சிருஷ்டியின் விடுதலை அப்போது எங்கே?” என்றார். ரோமர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். இம்முறை உடனே விடையளிக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அவ்வதிகாரத்தை அவரே வாசித்துத் தொடங்குவதென முடிவு செய்துள்ளோம்.