வாடகை சர்வர் எடுக்கப் போகிறீர்களா?

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிரான்சு நாட்டில், ரைன் நதிக் கரையில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரம் தூங்கிக் கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. பொழுது விடிவதற்குள் ஐந்து மாடியும் எரிந்து கருகிவிட்டன.

அது பஞ்சுக் கிடங்கு அல்ல. ஓ.வி.எச். என்ற பெரிய கம்பெனியின் சர்வர் நிலையம்!

நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான இணையதளங்கள் இருண்டு போயின. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டும் கடை திறந்தார்கள். மற்றவர்களில் பலர் எல்லாவற்றையும் பறிகொடுத்தார்கள். "ரஸ்ட்" என்ற விளையாட்டை நடத்தியவர்களின் 25 சர்வர்களில் இருந்த விவரங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

சொந்தமாக இணையதளம் வைத்துத் தொழில் செய்வோர் எல்லோரும் இதில் பாடம் கற்கலாம்.

ஒரு வீடு, பல குடித்தனம்

வாடகை சர்வர் என்பது என்ன?

கம்பெனிக்காரர் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்குகிறார். சாப்ட்வேர் மூலம் அதைப் பல அறைகளாகத் தடுக்கிறார். ஒவ்வொரு அறையும் தனிக் கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும். பூட்டும் சாவியும் உங்களுடையவை. இதைத்தான் "வி.பி.எஸ்." என்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்துக் குடித்தனத்துக்கு ஏற்ற வீட்டில் இருபது குடித்தனம் வைத்தால் என்ன ஆகும்? காலையில் குழாயடியில் சண்டைதான்! வாடகை மிகவும் மலிவாக இருந்தால், இந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் "டாப்" என்று கட்டளை கொடுங்கள். திரையில் "எஸ்.டி." என்று ஓர் எண் தெரியும். உங்களுக்குச் சேர வேண்டிய நேரத்தில் எத்தனை சதவீதம் கிடைக்காமல் போகிறது என்பதை அது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அடிக்கடி 10-ஐத் தாண்டினால் வேறு வீடு பாருங்கள்.

99.9 சதவீதம் என்றால்?

"எங்கள் சர்வர் 99 சதவீத நேரம் ஓடும்" என்று விளம்பரம் செய்வார்கள். கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 7 மணி 12 நிமிடம் நின்று போனாலும், அவர் சொல் தவறவில்லை! 99.9 சதவீதம் என்றால் மாதம் 43 நிமிடம்.

வாக்குத் தவறினால் நஷ்டஈடு உண்டா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி செய்வார்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் கடை மூடிக் கிடந்தால், போன வியாபாரம் போனதுதான். ஆகையால் ஒப்பந்த ஷரத்துக்களை முழுவதும் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

பணம் கட்டுமுன்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு மணிக்கு அவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். பதில் எப்போது வருகிறது, விஷயம் தெரிந்த ஆள் எழுதுகிறாரா என்று கவனியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பதில் சொல்லாதவர், கட்டிய பின்பா சொல்லப் போகிறார்?

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். "மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை" என்ற ஆசை வார்த்தையில் மயங்க வேண்டாம். மறுமுறை புதுப்பிக்கும்போது விலை என்ன என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம். உங்கள் வாடிக்கைக்காரர்கள் சென்னையிலும் மதுரையிலும் இருக்க, சர்வர் அமெரிக்காவில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் கடல் தாண்டி வர வேண்டும். தாமதம் ஆகத்தானே செய்யும்?

நகல் எங்கே?

எல்லாவற்றிலும் தலையாய கேள்வி இதுதான்.

ஸ்ட்ராஸ்பர்க் தீயில் சிக்கிய ஒரு பிரெஞ்சு நிறுவனம், நகல் எடுத்து வைப்பதற்காகத் தனியாகப் பணம் கட்டியிருந்தது. நகல் தனி இடத்தில் பத்திரமாக இருக்கும் என்பது ஒப்பந்தம். ஆனால் அசலும் நகலும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே எரிந்தன! லில் நகர வர்த்தக நீதிமன்றம் 2023 ஜனவரியில் நஷ்டஈடு தரச் சொன்னது. பணம் கிடைக்கலாம், எரிந்துபோன கணக்குகள் திரும்பி வருமா?

பெரிய கம்பெனி என்றால் பயம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிறுவனம் பயன்படுத்திய தனி கிளவுட் சேவையை, கூகிள் தன் தவறால் அழித்துவிட்டது. ஆறு லட்சம் பேருக்கு மேல் தங்கள் சேமிப்புக் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். வேறொரு கம்பெனியிடம் யூனிசூப்பர் வைத்திருந்த நகலும் கைகொடுத்ததால் எல்லாம் மீண்டது.

ஆகவே, எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஒரு நகல் வேறு ஊரில், வேறு கம்பெனியிடம் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அந்த நகலைப் பிரித்து, ஓட்டிப் பாருங்கள். நகைப் பெட்டியைப் பூட்டி வைத்தால் மட்டும் போதுமா? உள்ளே நகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா?